மரதன் என்றால் எத்தனை மைல்

புரோசார்ட்
6 சித்திரை 2025

மச்சாள் ஞானாம்பிகைக்கு,

அத்தான் சண்முகலிங்கம் எழுதுவது. இந்தக் காலத்திலும் தபாலில் கடிதமா என்று சிரிக்காதே. என் தொலைபேசி இலக்கத்தை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று மகன் யதுர்ஷன் சொன்னான். தபால்காரனைத் தடுக்க உனக்கு வழியில்லை, அதனால் எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். சுகமில்லாவிட்டாலும் எங்களுக்குச் சொல்லவா போகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எங்கள் பிள்ளைகள் சிலர் ஓட்டக் குழு ஒன்று நடத்துகிறார்கள். சனிக்கிழமைகளில் ஆற்றங்கரையில் கூடுவார்கள். நீ ஒருநாள் வந்து பார்க்கவேண்டும், வயிறு நோகச் சிரிப்பாய். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மணிக்கூடு. நெஞ்சு அடிக்கிறதா இல்லையா என்று அது சொல்லுமாம். இடுப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பைகள், அவற்றுக்குள் பசை மாதிரி ஒரு இனிப்பு. கைக்குழந்தை போல அதை உறிஞ்சிக்கொண்டு ஓடுகிறார்கள். பத்து நிமிஷம் ஓடினால் இருபது நிமிஷம் படம் எடுக்கிறார்கள். போட்டி வைத்தால் கடைசியாக வந்தவனுக்கும் பதக்கம். எங்கள் ஊரில் கடைசியாக வந்தவனைப் பின்னால் கூ அடித்துத்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

நாங்கள் ஓடிய காலத்தில் என்ன இருந்தது? ஒரு பருத்தி பெனியன், மலிவு விற்பனைக் கூடையில் எடுத்த சப்பாத்து. இரவெல்லாம் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு, காலையில் வெர்டன் ஆற்றங்கரையில் ஓடினேன். பனிக்காலத்தில் கைக்கு உறை வாங்க மனமில்லாமல் காலுறையை மாட்டிக்கொண்டு ஓடியதை நீயே கண்டிருக்கிறாய்.

அந்தக் குழுவை நடத்துகிற பிள்ளை பிரஷாந்தினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சுவரில் என் பழைய படத்தைப் பார்த்தாள். நெஞ்சில் இலக்கம் குத்திய படம். "அங்கிள், இது மரதனோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை, 85ஆம் ஆண்டு" என்றேன். பிள்ளை வாயைப் பிளந்துவிட்டாள். இப்போது ஐப்பசியில் ஒரு மண்டபம் எடுத்து, மொன்றியலின் முதல் தமிழ் மரதன் வீரர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் என் பெயரில் ஒரு கிண்ணமும் கொடுப்பார்களாம்.

அந்த நாளில் என்னைத் தெரிந்த ஒருவர் மேடையில் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று பிரஷாந்தினி கேட்கிறாள். உன் அக்கா மேடை என்றால் ஓடி ஒளிக்கிற ஆள். மற்றவர்கள் செத்துப்போனார்கள் அல்லது ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். நீ எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவள். வந்து பேசு. பழசுகளைக் கிளறாமல் பேசு.

அத்தான்
சண்முகலிங்கம்


பியர்பொன்ட்ஸ்
19 சித்திரை 2025

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. பில் என்று நினைத்து உடைத்துவிட்டேன். தெரிந்திருந்தால் உடைத்திருக்க மாட்டேன்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதியதை வாசித்து உண்மையாகவே சிரித்தேன். இங்கேயும் அதே கூத்துத்தான். என் பக்கத்து வீட்டுக்காரன் ஓடப் போவதற்கு உடுத்து முடிக்கிற நேரத்தில் நான் ஓடிவிட்டு வந்து ரீ குடித்துவிடுவேன். ஓம், நான் இன்னும் ஓடுகிறேன். உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஆனால் அத்தான், நீங்கள் மரதன் ஓடவில்லை. வெர்டனில் ஒரு பியர்க் கொம்பனி நடத்திய பத்து கிலோமீற்றர் ஓட்டத்தில் ஓடினீர்கள். படத்தில் இருப்பது அந்த இலக்கம். ஊரில் வாசிகசாலையில் தொடங்கி, சந்தியைச் சுற்றி, கோயில் வீதியில் முடிகிற ஓட்டத்துக்கும் ஒலிபெருக்கியில் மரதன் என்றுதான் சொன்னார்கள். தலையணைச் சண்டை, கயிறிழுத்தல், மரதன். நாலு மைலோ ஆறு மைலோ, றோட்டில் ஓடினால் எங்கள் ஆட்களுக்கு மரதன். உண்மையான மரதன் நாற்பத்திரண்டு கிலோமீற்றர். நாற்பது வருஷமாகக் கனடாவில் இருக்கிறீர்கள், தொலைக்காட்சி பார்க்கிறீர்கள், இது தெரியாதென்று சொல்லாதீர்கள்.

நாற்பத்திரண்டையும் 86 புரட்டாதியில் ஓடியவள் நான். அந்த வருஷங்களில் இந்த ஊருக்கே ஓட்டப் பைத்தியம் பிடித்திருந்தது. வங்கி மனேஜர் ஓடினார், பல் டாக்குத்தர் ஓடினார், சிவப்பு விளக்கு விழுந்தால் நின்ற இடத்திலேயே துள்ளினார்கள். சாபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் என் பக்கத்து மெஷினில் இருந்த ழோஸ்லின்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமைகளில் மலையைச் சுற்றி ஓடுவோம். காரில் போகிற ஆம்பிளைகள் கண்ணாடியை இறக்கிக் கத்துவார்கள். ழோஸ்லின் பிரெஞ்சில் திருப்பிக் கொடுப்பாள். நான் அவளிடம் படித்த முதல் பிரெஞ்சு அதுதான், இங்கே எழுத முடியாது.

மரதனன்று விடிய முதல், அப்போது நாங்கள் மூவரும் இருந்த கோட்-தெ-நேஜ் வீட்டை விட்டுப் போனேன். எங்கே போகிறேன் என்று இரவே சொல்லிவிட்டுத்தான் போனேன். ஓடி முடித்து, காலெல்லாம் கொப்புளம் உடைந்து, வைத்தியக் கூடாரத்தில் கிடந்து, இரண்டு பஸ் மாறிப் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் வாசலில் நின்றீர்கள். என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? எனக்குச் சொல்லுக்குச் சொல் இருக்கிறது.

"நானும் போன வருஷம் மரதன் ஓடினனான். ஒரு மணித்தியாலத்திலை முடிச்சு, டெப்பனர்க் கடையிலை பாலும் வாங்கிக்கொண்டு வீட்டை வந்தனான். நீ விடியப் போனனி. இப்ப பொழுதுபடப் போகுது. மிச்ச நேரம் ஆரோடை நிண்டனி?"

எதிர்வீட்டுக் கதவு திறந்துகிடந்தது. எனக்கு நிற்கவே முடியவில்லை, படியில் இருந்துவிட்டேன். அக்கா குசினி வாசலில் நின்றாள். ஒரு சொல் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதை நம்பினாள். ஒரு கிழமைக்குள் பெட்டை வெள்ளைக்காரனோடு திரியுது என்று ஊரெல்லாம் கதை. ரொறன்ரோவில் பேசிய சம்பந்தம் குழம்பியது. நான் ழோஸ்லின் வீட்டுச் சோபாவில் போய்ப் படுத்தேன். யாரோ யாழ்ப்பாணத்துக்கும் எழுதிவிட்டார்கள். அம்மா அந்தக் கதையோடுதான் கண்ணை மூடினார். பிறகு நானே ஒருவரைத் தேடிக் கட்டினேன். மன்னார் அருமைராசா, சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். அதற்கும் நீங்கள் இருவரும் வரவில்லை.

உங்கள் பொன்னாடை எனக்குப் பெரிய விஷயமில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள். மரதன் ஓட அவ்வளவு நேரம் எடுக்கும், அன்றைக்கு ஞானம் ஓடத்தான் போனாள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்னால் மேடை ஏறி உங்களுக்கு மாலையே போடுகிறேன். சொல்லாவிட்டால், பிரஷாந்தினி என்கிற அந்தப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க எனக்கு அதிக நேரம் ஆகாது.

ஞானாம்பிகை


புரோசார்ட்
2 வைகாசி 2025

ஞானாம்பிகைக்கு,

மிரட்டுகிறாயா? மிரட்டு. அந்தப் பிள்ளை உன்னை யாரென்று கேட்கும்.

பத்தோ பதினைந்தோ, றோட்டில் ஓடினால் மரதன்தான். மூன்று வருஷம் தொடர்ந்து எங்கள் விளையாட்டுக் கழக மரதனில் முதலாவதாக வந்தவனுக்கு நீ மரதன் படிப்பிக்க வருகிறாய். அளவு நாடா பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் கணக்கப்பிள்ளை, ஓட்டக்காரன் இல்லை. வெள்ளைக்காரன் ஒரு தூரத்தைச் சொன்னால் அதுதான் வேதம் உனக்கு.

அன்றைக்கு நான் கேட்டதில் என்ன பிழை? வயசுக்கு வந்த பெட்டை, கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற நேரம், அரைக் காற்சட்டையோடு விடியப் போய்ப் பின்னேரம் வருகிறாள். வீட்டுக்குப் பொறுப்பானவன் கேட்பான். கேட்காமல் விட்டிருந்தால் உன் அம்மா என்னைக் கேட்டிருப்பார். உன் அக்காவிடம் போய் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் என் பேச்சை ஒருநாளும் தட்டாதவள். அவளுக்கு முன்னால் என்னைக் கோமாளியாக்கப் பார்க்கிறாய்.

நாற்பத்திரண்டு என்றால் என்ன, நாலு தரம் வெர்டன். அவ்வளவுதானே? இந்தப் புரட்டாதியில் நகரம் நடத்துகிற மரதனில் பெயர் கொடுத்துவிட்டேன். நேற்றுத்தான் யதுர்ஷன் கணினியில் பதிந்து தந்தான். எனக்கு அறுபத்தொன்பது வயது. ஓடிக் காட்டுகிறேன். மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் நிற்பேன். அப்போது தெரியும் யார் எவ்வளவு நேரம் எங்கே நின்றார்கள் என்று.

உன் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் டாக்குத்தரிடம் இழுத்துக்கொண்டு போவாள். நீயும் வாயை மூடிக்கொண்டிரு.

சண்முகலிங்கம்


பியர்பொன்ட்ஸ்
15 வைகாசி 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அருமைராசாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நாலு தரம் வெர்டன்" என்ற இடத்தில் அந்த மனுசனுக்குப் புரையேறிவிட்டது.

ஓடுங்கள், தாராளமாக ஓடுங்கள். ஆனால் செத்துப்போகாதீர்கள். செத்தால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும், அதற்கு எனக்குத் தலையில் இடமில்லை. அதனால் சொல்கிறேன், அன்பினால் இல்லை.

ஊர்ச் சாம்பியன் மாதிரித் தொடக்கத்தில் பாயாதீர்கள். எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகவிடுங்கள். அது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். தொடைக்கும் கக்கத்துக்கும் வாசலின் பூசுங்கள், பூசாவிட்டால் தோல் உரியும். ஆம்பிளைகள் நெஞ்சிலும் பூசவேண்டும். 86இல் இருபதாவது கிலோமீற்றரில் எனக்கு முன்னால் ஓடியவரின் பெனியனில் இரண்டு இரத்தக் கோடுகள். பார்க்கிறவர்களுக்குக் கையை அசைத்துக்கொண்டே போனார், பெரிய வீரர்தான். புதுச் சப்பாத்தோடு போகாதீர்கள். ஓட்டத்துக்கு முதல்நாள் ழோஸ்லினின் ஆட்கள் ஒரு மண்டபத்தில் கூடி அண்டா அண்டாவாக ஸ்பகெற்றி சாப்பிட்டார்கள், அதுதான் அப்போது நாகரிகம். நான் அக்கா அவித்த புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு ஓடினேன். ஒரு குறையும் வரவில்லை.

முப்பதுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எழுதமாட்டேன். அதை எழுதி விளங்க வைக்க முடியாது. அன்றைக்கு எனக்குக் குடிக்கத் தந்தவர்கள், தோடம்பழத் துண்டு நீட்டியவர்கள், ஸ்பொஞ்சால் கழுத்தைத் துடைத்துவிட்டவர்கள் யாரும் என் சொந்தமில்லை. பெயர் தெரியாத கிழவி ஒருத்தி என் இலக்கத்தைப் பார்த்துச் சத்தம் போட்டு உற்சாகப்படுத்தினாள். முடிகிற இடத்தில் பளபளவென்று ஒரு வெள்ளிக் கடதாசியைப் போர்த்தினார்கள். அதைப் போர்த்திக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன். உங்கள் வாசலில் அதைக் கழற்றினேன்.

மத்தியானச் சோறு என்று எழுதியிருந்தீர்கள். இராச் சாப்பாட்டையும் மூடி வைக்கச் சொல்லுங்கள்.

ஞானாம்பிகை


புரோசார்ட்
17 ஆவணி 2025

ஞானாம்பிகைக்கு,

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். கால் பெருவிரல் நகம் கறுத்துப்போய்விட்டது. விழுமா, விழாதா? பிரஷாந்தினியின் ஆட்களிடம் கேட்டால் படம் எடுத்துக் குழுமத்தில் போடுவார்கள். கர்க்லாண்டில் இருந்து வருகிற ஒரு பெடியன் இருக்கிறான், தன் பாதத்தை ஆரோ அளந்து செய்த சப்பாத்து என்று இரண்டு சனிக்கிழமை அதையே கதைத்தான். சப்பாத்து நன்றாகத்தான் இருக்கிறது. ஓடத்தான் ஆளில்லை.

அவர்களை விட்டுவிட்டு ஆற்றங்கரையில் தனியாக ஓடுகிறேன். போனமாதம் வரை பகிடியாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. போன ஞாயிறு எவ்வளவு தூரம் ஓடினேன் என்று எழுதப் போவதில்லை, நீ கணக்குப் பார்ப்பாய். திரும்பி வருகிறபோது பாதையோரத்து வாங்கில் குந்திவிட்டேன். ஒரு சீனக் கிழவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

இதற்குள் உன் அக்காவின் கரைச்சல். காலையில் போனால் மத்தியானம்தான் வருகிறேன், எங்கே போகிறேன் என்று கேட்கிறாள். நடக்கப் போனேன் என்றேன். "நடக்கிறதுக்கு இவ்வளவு நேரமோ?" என்கிறாள். ஓடினேன் என்று கடைசியில் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வயசிலை ஆரும் மூண்டு மணித்தியாலம் ஓடுவினமோ?" என்று கேட்டுவிட்டு என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாள். கசினோவுக்குப் போகிறேன் என்று நினைக்கிறாள் போல. நான் சொன்னால் நம்பாத ஒரு மனுசியோடு நாற்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வியர்வை ஒழுக, காலில் உயிரில்லாமல் வாசலில் நிற்கிறேன், என்னை நம்பவில்லை.

நகத்தைப் பற்றி மட்டும் எழுது.

சண்முகலிங்கம்


பியர்பொன்ட்ஸ்
25 ஆவணி 2025

அத்தானுக்கு,

நகம் விழும். பிடுங்காதீர்கள், தானாக விழட்டும்.

அக்காவைப் பற்றி நீங்கள் எழுதிய பந்தியை நீங்களே ஒருதரம் வாசித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நேற்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன், இரவு ஏனோ அழுகை வந்துவிட்டது.

நான் கேட்டதை அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை, என்ன? ஓம், நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்.

ஞானாம்பிகை


புரோசார்ட்
28 புரட்டாதி 2025

ஞானாம்பிகைக்கு,

இதை எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது. கதிரையில் இருந்து எழும்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது, அது ஒரு காரணம். மற்றக் காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தால் இப்போதே கடிதத்தை மடித்து வை. அது என்னிடமிருந்து வராது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி எல்லாரையும் போகவிட்டேன். கிழவர்கள் போனார்கள், கொழுத்த பெண்கள் போனார்கள், வாழைப்பழ வேஷம் போட்ட ஒருவன் போனான். எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பாதி தூரத்தில், இவள் என்னத்தைப் பெரிசாகப் பயமுறுத்தினாள் என்றுகூட நினைத்தேன். முப்பதுக்குப் பிறகு நடந்ததை நானும் எழுதப் போவதில்லை. ஒரு மூலையில் நின்று ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று கூப்பிட்டேன். யாருக்கும் தமிழ் விளங்காதது நல்லதாய்ப் போயிற்று. பிறகு நடந்தேன். பிறகு ஓடினேன். பின்னால் பொலிஸ் றோட்டைத் திறந்துவிட்டான், கார்கள் வரத் தொடங்கின. என்னை நடைபாதையில் போகச் சொன்னார்கள். நடைபாதையில்தான் முடித்தேன். நான் போனபோது முடிகிற இடத்து வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பதக்கம் வைத்த மேசையை மடித்துவிட்டார்கள். பதக்கத்தைப் பகிடி பண்ணினவனுக்கு அது நல்லாய் வேண்டும் என்று நீ நினைப்பாய், நினை.

அங்கே உன் அக்கா நின்றாள். பிரஷாந்தினி சொல்லிவிட்டிருக்கிறாள், அவளுடைய காரில்தான் வந்திருக்கிறாள். கையில் ஒரு துவாய். அதை என் கழுத்தில் போட்டாள். காரில் ஏறிப் பாலத்தைத் தாண்டினோம். எனக்குக் காலிரண்டும் முறுக்கிக்கொண்டிருந்தது. பிரஷாந்தினி ஓட்டுகிறாள், நாங்கள் பின்னால் இருக்கிறோம். அப்போது சொன்னேன். நீ கேட்டதற்காகச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்தது.

"மரதனுக்கு இவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு எனக்குத் தெரியாது, புஷ்பம். ஞானம் அண்டைக்கு ஓடத்தான் போனவள்."

உன் அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

எப்ப இருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அண்டைக்கே தெரியும். நான் பஸ் எடுத்துப் போய் றோட்டிலை நிண்டு பாத்தனான். சனத்துக்குள்ளை நிண்டனான், அவள் என்னைக் காணேல்லை. காலிலை ரத்தம். வாயைத் திறந்து மூச்சு எடுத்துக்கொண்டு போனவள். அவளுக்கு முதல் நான் வீட்டை வந்திட்டன்."

ஏன் அப்போது சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் பேச்சைத் தட்டாத மனுசி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்கள் வாற போற ஆக்கள் எல்லாருக்கும் மரதன் மரதன் எண்டு புளுகிக்கொண்டு திரிஞ்சனீங்கள். ஒரு வருஷமா அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தனீங்கள். உங்களை மாதிரி நாலு மடங்கு என்ரை தங்கச்சி ஓடிப்போட்டு வந்து நிக்கிறாள் எண்டு நான் எதிர்வீட்டுச் சனத்துக்கு முன்னாலை சொல்லுறதோ? சொன்னால் நீங்கள் தாங்குவீங்களோ? பிள்ளை வயித்திலை, வேலையும் இல்லை, நான் எங்கை போறது? உங்களை வைச்சிருக்கிறதோ அவளை வைச்சிருக்கிறதோ எண்டு யோசிச்சன். அவள் எப்பிடியும் பிழைப்பாள். நீங்கள் பிழைக்க மாட்டியள்."

கோபமாகச் சொன்னாலாவது பரவாயில்லை. கடையில் முருங்கைக்காய் நல்லதில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். முன்னால் பிரஷாந்தினி கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் நன்றாக விளங்கும்.

அன்றைக்குப் பிறகும் நாற்பது வருஷமாக இந்த மனுசி எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் என்னை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளுக்கு முன்னால் கோமாளியாகிவிடுவேன் என்று உனக்கு எழுதினேன். எப்போதோ ஆகிவிட்டேன், எனக்குத்தான் தெரியவில்லை.

மண்டபம் ஐப்பசி 18ஆம் திகதி. வேண்டாம் என்று பிரஷாந்தினியிடம் சொல்லிப் பார்த்தேன். இப்போதுதானே அங்கிள் உண்மையாகவே ஓடி முடித்தீர்கள் என்கிறாள். ஆனால் என்னிடம் பதக்கமும் இல்லை, நேரமும் பதியவில்லை, முடித்ததற்குச் சாட்சி உன் அக்கா மட்டும்தான். அவளைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை.

நீ வரவேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

சண்முகலிங்கம்


பியர்பொன்ட்ஸ்
6 ஐப்பசி 2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே போனேன். ஓடவில்லை, நடந்தேன். ஆற்றங்கரை வரை போய்த் திரும்பி வந்தேன். அருமைராசா கதவைத் திறந்து, ஆர் செத்தது என்று கேட்டார்.

உங்களை நான் வெறுத்தது கொஞ்சநஞ்சமில்லை. எந்தச் செத்தவீட்டில் கண்டாலும் உங்களுக்குப் பின்னால்தான் இருப்பேன், உங்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று. அக்காவை மட்டும் நான் ஒருநாளும் கோபிக்கவில்லை. பாவம், புருஷன் சொன்னதை நம்பிவிட்டாள், அவளுக்கு என்ன தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. முட்டாளோடு ஒருவர் எவ்வளவு காலம் கோபமாக இருப்பது? இதைப் பாராட்டாக எடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு அவள் ஒரு வரி எழுதியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் எழுதியிருக்கலாம். தபால்பெட்டி அந்த வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. அதை என்னால் விழுங்க முடியவில்லை. நான் பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தாளாம். பிழைத்தேன்தான். அதற்காக யாரும் என்னைத் தூக்கி எறிந்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயம். நீங்கள் மரதன் ஓடின 21ஆம் திகதி நானும் வந்திருந்தேன். உங்களுக்குக் கைதட்ட வரவில்லை. நீங்கள் பாதியில் படுத்துவிடுவீர்கள், அதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்றுதான் வந்தேன். லா பொந்தேன் பூங்கா மூலையில் நின்றேன். ஆட்கள் எல்லாரும் போய் முடிந்து, தடுப்புகளை லொறியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நானும் போகத் திரும்பினேன். அப்போது நடைபாதையில் நீங்கள் வந்தீர்கள். ஒரு பக்கம் சரிந்து, வாயைத் திறந்து, கண்ணில் ஒன்றும் தெரியாமல் வந்தீர்கள். என்னைத் தொடுகிற தூரத்தில் தாண்டிப் போனீர்கள். நான் கூப்பிடவில்லை. அசிங்கமான ஓட்டம் அத்தான், ஊரில் என்றால் கூ அடித்திருப்பார்கள். ஆனால் நீங்கள் நிற்கவில்லை.

ஆகவே உங்களுக்குச் சாட்சி இருக்கிறது. அக்காவும் 86இல் என்னைப் போலத்தான் றோட்டோரம் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டாள். நான் கண்டதைச் சொல்கிற ஆள்.

18ஆம் திகதி வருகிறேன். பிரஷாந்தினியிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன், நல்ல பிள்ளை, கொஞ்சம் அதிகம் கதைக்கிறாள். மேடையில் எனக்கு இரண்டு நிமிஷம் போதாது என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மரதனை முதலில் சொல்வேன், எந்த மூலையில் எந்தக் கோலத்தில் கண்டேன் என்று ஒன்றும் விடாமல் சொல்வேன். பிறகு என்னுடையதைச் சொல்வேன். விடியப் போனதில் இருந்து பின்னேரம் வந்தது வரை, ஒவ்வொரு மைலாக.

அக்காவை முன்வரிசையில் இருத்துங்கள். காது கேட்கவில்லை, கால் நோகிறது என்றெல்லாம் சொல்வாள். தூக்கிக்கொண்டு வந்தாவது இருத்துங்கள்.

ஞானம்